பிரிவு பதினொன்று

சட்டம் சென்னையில் நிறைவேறிய அன்று
குடியாத்தத்தில் நூற்று எட்டு டிகிரி.
தீப்பெட்டி கம்பெனியில்
குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன்,
மருந்து வாடை சோற்றிலும் வரும்.

இப்போது பிச்சனூர் மொட்டைமாடிகளில்
இடுப்பில் கயிறு, கையில் ஸ்பேனர்.
"பொம்பளையா ஏறப்போறது?" என்ற ஏகாம்பரம்
ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்,
இறங்கினால் மோர் தருகிறார்,
நம்பிக்கை மட்டும் இன்னும் தரவில்லை.

பயிற்சியில் சட்டத்தை நகலெடுத்துக் கொடுத்தார்கள்.
மடித்து டிபன் பையில் வைத்திருக்கிறேன்.
பிரிவு பதினொன்று:
சூரியத்தகடு பொருத்துவோரில் பாதிப்பேர்
அந்தந்த வட்டத்தாராக இருத்தல் வேண்டும்.
அந்த 'வேண்டும்'தான் என் வேலை.

அதற்கு நாலு வரி கீழே,
ஊக்கத்தொகை 'இயன்றவரை' மாதந்தோறும்.
அந்த 'இயன்றவரை'
என் மூன்று மாதச் சம்பளப் பாக்கி.

தகட்டைத் தெற்கே சாய்த்து முடுக்குகிறேன்.
கவுண்டன்யா ஆற்றில் மணல் பளபளக்கிறது.
எங்களை வதக்கிய அதே வெயில்,
இன்று வேலைக்கு வந்த ஆள் மாதிரி
வரிசையில் வந்து உட்காருகிறது.

மீட்டர்தான் வரவில்லை.
மின்வாரியத்தில் கேட்டால்
"ஃபைல் மேலே இருக்கும்மா" என்கிறார்கள்.

மேலேதான் நிற்கிறேன்.
இங்கே ஒரு காக்கை,
எட்டுத் தகடு,
கணக்கில் ஏறாத வெயில்.