மற்றவை

இராயக்கோட்டை மண்டியில்
ஏலம் ஐந்தரைக்கு.
எங்கள் கேமரா ஏழு மணிக்கு.
சாக்கு அடுக்கும் அறையை
ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.
சன்னலுக்குக் கறுப்புத் துணி,
ஒரு மேசை, இரண்டு ஸ்டூல்.
யாராவது காலாட்டினால்
படமும் ஆடும்.

வெளியே பெண்கள் பழம் பிரிக்கிறார்கள்.
பேச்சு ஒரு பக்கம் ஓட
கை தன்பாட்டுக்குப் போடுகிறது
முதல் ரகம், இரண்டாம் ரகம், மாட்டுக்கு.
உள்ளே என் கணினியும் அதே வேலைதான்,
கொஞ்சம் மெதுவாக:
ஒரு விழித்திரைக்குப் பதினோரு நொடி.
மாட்டுக்கு என்ற பெட்டி
இதில் இல்லை.

திம்மராயன் இன்ஜினை அணைக்காமல் வந்தார்.
"லோடு ஏறுது. அஞ்சு நிமிசந்தான்."
சர்க்கரை எத்தனை வருஷமா?
"டீக்கடைக்காரன கேளு.
அரைச் சர்க்கரை போடச் சொல்லி
ஏழு வருசம்."
தாடையை வைங்க.
பச்சைப் புள்ளியைப் பாருங்க.
இமைக்காதீங்க.
"இமைக்காம இருக்கறதுதாம்மா எம் பொழப்பே."

வலது கண்ணில் சொல்லும்படி ஒன்றுமில்லை.
இடது கண் திரையில் எழுந்தது
செங்காய் நிறத்தில்.
ஊசியால் குத்தினாற்போல் சிவப்புப் பொட்டுகள்,
ஓரத்தில் மஞ்சள் கசிவு.
நான் எண்ணியது ஏழு.
இயந்திரம் வட்டமிட்டது இருபத்திரண்டு.
கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி.
அதைத் தமிழில் சொல்ல
எனக்கு ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

கிருஷ்ணகிரி போகணும், அண்ணா.
இந்த வாரமே. லேசர் வைப்பாங்க.

அவர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.
"இது ஆர்.டி.ஓ.வுக்குப் போவுமா?"
போகாது.
"மொதலாளிக்கு?"
போகாது.
"அப்ப எங்கதான் போவுது?"
மேலே கை காட்டினேன்.
மேலே தகரக் கூரை,
ஒரு பல்லி.

அவரும் பார்த்தார்.
"அதுக்கு வாலு இல்ல பாரு.
இவ்ளோ இருட்டுல தெரியுது.
எனக்கா கண்ணு போச்சு?"

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வால் இல்லைதான்.
பல்லி பொய்யில்லை, பொட்டும் பொய்யில்லை.
கடைசிவரை நன்றாகத் தெரிவதுதான்
இந்த நோயின் குணம் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
ஹாரன் அடித்துக் கூப்பிட்டான் கிளீனர்.

மதுரை லோடு.
பாலக்கோடு, தருமபுரி தாண்டி
தொப்பூர் இறக்கம்.
அன்று இரவு படுத்துக்கொண்டு
அவர் லாரிக்கு முன்னால் போகும் வண்டிகளை
எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவற்றை வட்டமிட்டுக் காட்ட
எதுவும் இல்லை என்னிடம்.

எட்டாம் நாள் பட்டியலில்
அவர் பெயர் சிவந்தது.
கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது.
கூப்பிட்டேன். கிளீனர் எடுத்து
"அண்ணன் தூங்குறாரு" என்றான்.
கூப்பிட்டேன். "சீசன் போவட்டும் பாப்பா."
ஒவ்வொரு திங்களும்
சிவப்பு இன்னும் கொஞ்சம் மேலேறி
கடைசியில் முதல் வரிசைக்கே வந்தது.

ஐந்தாம் வாரம் தக்காளி விழுந்தது.
கிலோ மூன்று ரூபாய்க்கும் கேட்பாரில்லை.
ஏற்றுக்கூலி கட்டாதென்று
பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கவிழ்த்தார்கள்.
மண்டி வாசலில் லாரிகள்
வெறும் வயிற்றோடு நின்றன.
பழம் பிரிப்பவர்களுக்கும் வேலையில்லை;
அவர்களில் ஒன்பது பேர்
அன்றுதான் என் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் மாலை அவரே கூப்பிட்டார்,
பின்னணியில் ஆஸ்பத்திரி மைக்.
"பச்சையா வெட்டுது பாப்பா,
வெல்டிங் பட்டறையில நிக்கறாப்புல.
இன்னும் ரெண்டு தடவ வரணுமாம்."
சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.
"அதுக்குள்ள வெல ஏறிட்டா?"

இரவு அறிக்கை நிரப்பினேன்.
நோயாளி சிகிச்சைக்கு வந்த காரணம்:
தொலைபேசி நினைவூட்டல்,
குடும்பத்தினர் வற்புறுத்தல்,
பார்வைக் குறைவு,
மற்றவை.
முதலாவதைத் தொட்டால் என் கணக்கில் ஒன்று ஏறும்.
விரல் அங்கே கொஞ்சம் நின்றது,
மறைக்க ஒன்றுமில்லை.

மற்றவை.

பக்கத்தில் ஒரு சிறு கட்டம் திறந்தது.
தக்காளி என்று அடித்தேன்.
ஏன் என்று கேட்காமல்
சேமித்துக்கொண்டது.