இத்துடன் இணைத்துள்ளேன்

வட்டு தொண்ணூற்றேழு விழுக்காடு நிரம்பிவிட்டது.
புதியது ஒன்று கேட்டேன்.
"அடுத்த நிதியாண்டு லா" என்றார் பூன் கியட்,
தலை நிமிராமல்.
அதனால் சனிக்கிழமை இரவு
துவாஸில், கப்பல் பட்டறைக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில்
நானும் குளிரூட்டியும்
பதினைந்து ஆண்டு அஞ்சலும்.

தேடும் வரி சின்னதுதான்:
பத்து மெகாபைட்டுக்கு மேல்,
இரண்டாயிரத்துப் பதினாறுக்கு முன்.
நாற்பத்தோராயிரத்து முந்நூற்றாறு
என்றது திரை, மூச்சு வாங்காமல்.

எல்லாருக்கும் போன டுரியான் விருந்துப் படம்,
பதினெட்டு மெகாபைட்,
முந்நூற்றெண்பது பெட்டிகளில்
முந்நூற்றெண்பது முறை.
ஒரே பழம். ஏழு ஜிகாபைட் வாடை.
'இறுதி', 'இறுதி இரண்டு',
'உண்மையான இறுதி',
'இதையே பயன்படுத்தவும்':
நான்கும் ஒரே கழிவறையின் குழாய் வரைபடம்.

கணக்குப் பிரிவு ரோஸ்னா
வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள்:
என் பெட்டியில் கை வைக்காதே,
தணிக்கைக்காரர் பழைய விலைப்பட்டியல்
கேட்டிருக்கிறார், தெரியுமா?
தெரியும். ஒரே ஒரு முறை.
அவள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனேன்,
ஈரத்தரை என்று மஞ்சள் பலகை வைத்த இடத்தைச்
சுற்றிப் போவதுபோல.

வேலை இதுதான்: இணைப்பை உருவு, கடிதத்தை விடு.
உருவிய இடத்தில் ஒரு வரி வை,
இணைப்பு அகற்றப்பட்டது, அளவு இவ்வளவு, நாள் இன்னது.
எதையும் திறந்து பார்க்கக் கூடாது.

மூன்று மணிக்கு வைரக்கண்ணு வந்தார்.
அவர் பெட்டி வந்தது, அவ்வளவுதான்.
பற்றவைப்பு மேற்பார்வையாளர்.
பதின்மூன்றில் வேலையை விட்டுப் போனார்,
எங்கே என்று சர்வருக்குத் தெரியாது.
நாள் தவறாமல் ஒரு கடிதம்
தரக்கட்டுப்பாட்டுப் பொதுப் பெட்டிக்கு,
இருபத்திரண்டு மெகாபைட்:
ஐயா, அடித்தட்டுப் பற்றவைப்புப் படங்கள்
இத்துடன் இணைத்துள்ளேன்.
பார்த்துச் சொல்லவும்.
ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்.
எனக்கு இப்படித்தான் கேட்டது.

போய்ச் சேர்ந்த பெட்டியில்
நூற்றுப்பதினேழு கடிதங்களும் தடித்த எழுத்தில்.
தடித்த எழுத்து என்றால்
யாரும் திறக்கவில்லை.

முதல் கடிதத்தைத் திறந்தேன்.

துருப்பிடித்த தகடு. சாக்கட்டியில் தேதி, தட்டு எண்.
அளவு தெரிய ஒரு பத்துக்காசு,
எல்லாப் படத்திலும் அதே பத்துக்காசு,
விளிம்பில் அதே கீறல்.
அதன் பக்கத்தில் அந்தக் கோடு,
மீன் செதில்மேல் செதிலாக,
ஓரிடத்திலும் அவசரப்படாமல்.
ஒரு படத்தில் கட்டைவிரல் விழுந்திருந்தது.
நகம் கறுத்திருந்தது.

கப்பல் மிதக்கும்வரை ஆவணம் இருக்க வேண்டுமாம்,
ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு வரி.
கப்பலின் பெயரைத் தேடினேன்.
போன வருடம் குஜராத்தில் கரையேற்றி
உடைத்துவிட்டார்கள்.
தையலில் வெட்டியிருக்க மாட்டார்கள்,
பக்கத்தில் வெட்டியிருப்பார்கள்.
நல்ல தையல் தகட்டைவிடக் கெட்டி என்று
கீழே பட்டறையில் யாரோ சொன்னதுண்டு.

ஆக, தடையில்லை.
நூற்றுப்பதினேழையும் உருவினேன்.
இரண்டரை ஜிகாபைட்.
காப்பி இயந்திரத்தில் பால் தீர்ந்திருந்தது.

விடியும்போது எழுபத்தொன்பது விழுக்காடு.
"முடிஞ்சிதா?" என்று பூன் கியட்டின் செய்தி,
கட்டைவிரல் உயர்த்திய பொம்மையோடு.
துவாஸ் லிங்க்கில் முதல் ரயிலுக்கு
இன்னும் நேரமிருந்தது.

கடிதங்கள் அங்கேயேதான் இருக்கின்றன,
ஒவ்வொன்றும் இரண்டு கிலோபைட்.
இத்துடன் இணைத்துள்ளேன், பார்த்துச் சொல்லவும்.
அதன் கீழே அகற்றப்பட்டது என்று நான்.

திறந்ததை மறுபடியும்
'படிக்காதது' என்று குறித்துவிட முடியும்.
ஒரு சொடுக்குதான். எனக்கும் அதுதான் பாதுகாப்பு.
சுட்டியை அதன்மேல் கொண்டுபோய்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

நூற்றுப்பதினாறு தடித்த வரிகள்.
மேலே ஒன்று மட்டும் மெலிதாக.