ஊசி எடுக்கும் வேலை

ஐந்து ஊசிகள் வந்திருக்கின்றன,
தீப்பெட்டி அளவு டப்பாவில், பஞ்சு சுற்றி.
இரண்டரை, இரண்டு எட்டு, மூன்று, மூன்று மூன்று, மூன்று எட்டு.
ஓர் அங்குலத்தை ஆயிரமாய்ப் பிளந்த கணக்கு.
வேண்டாததை ஏழு நாளில் திருப்பி அனுப்பலாம்.
பில்லைப் பார்த்தாள் திலகராணி:
"இந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வந்திருக்கும்."

அரிசிப்பாளையம். இரவு ஒன்பதே கால்.
கடைசி சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொடுத்தனுப்பிவிட்டு
லேப் ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
பகலெல்லாம் ரத்தத்தில் மலேரியா தேடிய மைக்ராஸ்கோப்பின் கீழ்
தட்டை நுழைக்கிறேன்.
அவள் பக்கவாட்டில் செல்போன் டார்ச் பிடிக்கிறாள்,
முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் அசையாமல்.

கரும்பள்ளம். இரு பக்கமும் சுவர்.
சுவரின் நடுவே, ஒரே உயரத்தில், சாம்பல் பட்டை:
டவுன் பஸ்ஸில் ஊரே பிடித்துப் பிடித்துப்
பெயின்ட் போன கம்பி மாதிரி.

நாகலூர் தாண்டி ஓர் எஸ்டேட் பங்களாவில்
சாமான்களை எடைக்குப் போட்ட அன்று வாங்கியது.
பூஞ்சையும் காப்பிக்கொட்டை வாசமும்.
லேபிளில் ஊதா மையில் 'எஸ். பிலோமினா'.
ஏதோ நாடகத்தின் புருஷன் பெண்டாட்டி சண்டைப் பாட்டு.
முதல் இரண்டரை நிமிடம் கை படாத பளபளப்பு.
கடைசி ஒரு விரற்கடை மட்டும் இப்படி.
அங்கேயேதான் வைத்திருக்கிறாள், எடுத்து எடுத்து,
கனத்த இரும்பு ஊசியை.

சென்ட்ரிஃப்யூஜை நகர்த்திவிட்டு பிளேயருக்கு இடம் செய்கிறோம்.
எழுபத்தெட்டில் சுற்றுகிறது.

மூன்று: அந்தப் பட்டையிலேயே போய் உட்கார்கிறது.
தகரக் கூரையில் மழை. வேறு எதுவும் இல்லை.
மூன்று எட்டு: மேலேயே வழுக்கி
லேபிள் வரைக்கும் ஓடிவிட்டது.
திலகராணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மூன்று மூன்று: தேய்மானத்துக்குச் சற்று மேலே.
பாட்டு முடிகிறது, ஆர்மோனியம் மூச்சு விடுகிறது,
பிறகு, பதிவு நின்றுவிட்டது என்று நினைத்த யாரோ ஒருவன்,
தணிந்த குரலில், "போதுமா?"

இரண்டரை: தேய்மானத்துக்குக் கீழே, அழுக்கோடு அழுக்காக.
அதே ஆர்மோனியம், அதே மூச்சு, அதே ஆள்:
"போலாமா?"

மாற்றி மாற்றி வைத்தோம்.
எனக்கு இதிலும் போலாமா என்று கேட்கத் தொடங்கியது.
அவளுக்கு அதிலும் போதுமா.
"காதைக் காட்டுங்க, நாளைக்கு டெஸ்ட் எடுக்கணும்" என்றாள்.

நடுவில் இருக்கிறது பிலோமினா கேட்டது.
அந்த உயரத்துக்கு ஊசி உண்டு, டப்பாவில், மூன்றாவதாக.
வைத்தால் மழைதான்.

அவன் யார், அவளுக்கு என்ன வேண்டும்,
அந்தக் குளிரில், பாட்டையெல்லாம் விட்டுவிட்டு
ஒற்றைச் சொல்லுக்கு எத்தனை ராத்திரி எழுந்து வந்தாள்,
லேபிளில் அதற்கெல்லாம் இடம் இல்லை.

மணி பதினொன்று. ஷட்டரை முழுசாக இறக்கினேன்.
மூன்று ஊசிகளை மறுபடி பஞ்சில் சுற்றினாள் திலகராணி.
எந்த மூன்று என்று நான் கேட்கவில்லை.
"கிரைண்டர் ஆடித் தள்ளுபடியில் பாத்துக்கலாம்,"
சாவியைக் கையில் வைத்தபடி,
"போலாமா?"