கார் வராத ஷெட்

மஸ்கட்டிலிருந்து திரும்பிய வருஷம்
வைரக்கண்ணு இதைக் கட்டினார், காருக்கென்று.
கார் மட்டும் வரவில்லை.
வாடகைக்கு விட வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன,
மச்சினரின் பவர் டில்லர் ரிப்பேராகி வந்தது,
கொள்முதல் நிலையம் திறக்காத ஒரு குறுவைக்கு
நனைந்த நெல் வந்து முளைவிட்டுப் போனது.
இப்போது என் காளான்.
கயிற்றில் தொங்குகிற நூற்றிருபது பைகள்,
வைக்கோலை வேகவைத்து, ஆறவைத்து,
விதை தூவி நானே கட்டியவை.

ஷட்டர் மேற்கே பார்க்கும்.
மூன்று மணிக்கு மேல் கை வைத்தால்
தோசைக்கல்.
சித்திரையில் உள்ளே முப்பத்தாறு காட்டும்.
சாக்கு நனைத்துத் தொங்கவிட்டேன்,
மணல் பரப்பித் தண்ணீர் ஊற்றினேன்,
மொட்டு எல்லாம் மஞ்சள் தட்டிச் சுருங்கியது.
கஜா அன்றைக்கு
எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் பறந்துவந்து மோதி
இடுப்பு ஒடிந்த ஷட்டர் வேறு,
கடைசி ஒரு சாண் இறங்கவே இறங்காது.
அந்தச் சந்தில் ஒரு தவளை வரும், போகும்.
நான் வாடகை கேட்டதில்லை.

திருச்சியில் சொல்லிவைத்தோம்.
இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த கதவு,
ஐம்பத்தெட்டாயிரம், ஜிஎஸ்டி தனி.
பாதிக்கு மகளிர் குழு,
மீதிக்கு என் காதில் கிடந்தது.

கதவு ஏற்றிவந்த வண்டியை
நீடாமங்கலம் ரயில்வே கேட்
முக்கால் மணி நேரம் நிறுத்தியது.
இன்ஜின் திருப்புகிறார்களாம்.
வெயிலில் படுத்தபடி
ஒரு கதவு
இன்னொரு கதவு திறக்கக் காத்திருந்தது.

பழசைக் கூத்தாநல்லூர் காஜா மைதீன் எடை போட்டார்.
அறுபத்திரண்டு கிலோ, கிலோ இருபத்தெட்டு,
ஆயிரத்து எழுநூற்று முப்பத்தாறு.
"முப்பத்தாறை விடுங்கக்கா" என்றார்.
விடுவதற்குத்தானே இத்தனை செலவும்.

இன்னாசி பொருத்திக் கொடுத்தார்.
மூடினால் உதடு சேர்கிற சத்தம்தான்.
அடியில் கறுப்பு ரப்பர்
தரையோடு தரையாக அமுங்கியது.
சாயங்காலம் பார்த்தேன், இருபத்தெட்டு.
பஸ் ஹாரன் இல்லை, மில் சங்கு இல்லை,
பைகளுக்கு நடுவே நின்றால்
என் வளையல் எனக்கே அதிகமாகக் கேட்டது.
வெளியே வைரக்கண்ணு டீயோடு வந்து
தட்டியிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார்.
நான் திறந்தபோது
டீயில் ஆடை படிந்திருந்தது.

நாலாம் நாள் காலை
காம்பெல்லாம் விரல் நீளம்,
குடை சட்டைப் பொத்தான் அளவு.
தேர்க்கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்க்கிற பிள்ளைகளாய்
அத்தனையும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.
விதை கொடுத்த பையனுக்குப் படம் அனுப்பினேன்.
"மூச்சு முட்டுதுக்கா. காத்து எந்த வழியா வருது?"

எந்த வழியாக வந்தது இத்தனை நாள்?
குனிந்து பார்த்தேன்.
ஒரு சாண் இருந்த இடத்தில்
ரப்பர் பளபளத்தது.

இன்னாசியைத் திரும்பக் கூப்பிட்டால்
தலையில் கை வைத்துக்கொண்டார்.
"புதுக் கதவுலயா? கேரண்டி போயிடும்மா."
போகட்டும் என்றேன்.
கீழே இரண்டு, மேலே ஒன்று.
டிரில் சுழலச் சுழல
தேங்காய்த் துருவலாய் நுரை கொட்டியது.
கொசுவலை வைத்து, திருகி,
ரசீதும் எழுதினார்:
ஓட்டை மூன்று, ரூபாய் முந்நூறு.

இருபத்தெட்டு இருபத்தொன்பதானது.
குடைகள் இந்த வாரம் உள்ளங்கை அகலம்.
தவளை நேற்று ராத்திரி வந்து
வலைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.
அதற்கு என்ன பதில் சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.

வைரக்கண்ணு மட்டும் இன்று காலை
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு
கதவின் அகலத்தை
அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருந்தார்.