காப்பி வேண்டாம் என்றார்

ஔலு. காலை ஒன்பதுக்கும் ஜன்னலில் இருட்டு.
பதினோரு கட்டில், நர்ஸ் நான் ஒருத்தி,
உதவிக்கு வேசா.
நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம்
பார்த்துக் குறித்து வா என்றேன்.
இடுப்பு மூட்டு மாற்றிய கௌகோவின்
கட்டைப் பார்ப்பது மட்டும் என் வேலை.
பத்து மணிக்குப் பார்க்கலாம்.

தாளை நீட்டினான். எண்களில் குறையில்லை.
போகாமல் நின்றான்.
"காப்பி வேண்டாமாம் அவருக்கு."

அதைக் கவனிக்க நான் சொல்லவில்லை.
நாளுக்கு ஏழு கோப்பை குடிக்கிற மனுஷன்.

போய்ப் போர்வையை விலக்கினேன்.
முதுகுக்கடியில்
வெதுவெதுப்பாய், சத்தமே இல்லாமல்,
ரத்தம்.

மத்தியானம் கௌகோ கண் திறந்தார்.

குறிப்பேட்டில் காப்பிக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
முதலில் கவனித்தது வேசா.
அடுத்த வரி:
பத்து மணிக்கென்று தள்ளிவைத்தது.
அதன் எதிரே
என் பெயர், முழுசாக.