பதினேழாவது கோப்பை

சேலம் ஐந்து ரோட்டு டாக்டர்
நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு
காப்பியை நிறுத்திவிடுங்கள் என்றார்.
மூடுபனியை நிறுத்து என்று
ஏற்காட்டிடம் சொன்னதுபோல் இருந்தது.

எஸ்டேட்டில் காப்பிக்கொட்டைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
என் பேரேடு, என் ஸ்வெட்டர், என் சம்பளக் கவர்
எல்லாவற்றிலும் அந்த வாசம்தான்.
திரும்பி ஏறின பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணினேன்.
பதினொன்றாவதில் ஒரு குரங்கு
யாரோ எறிந்த காப்பிக் கப்பை நக்கிக்கொண்டிருந்தது.
அதற்கு யாரும் எதையும் தடுக்கவில்லை.

நாகலூர் ரோட்டில் விடுதி நடத்தும் ஜெசிந்தா
ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில்
ஒடித்த கொம்பு ஒன்றை வைத்துக் கொடுத்தாள்.
புதினாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தது,
ஓரமெல்லாம் சின்னப் பற்கள்.
பேர் என்ன என்றேன்.
லெமன் பாம் என்றாள்.

வேர் விட்டதும் பெயிண்ட் டப்பாவுக்கு மாற்றினேன்.
மகன் சுண்ணாம்பால் பேர் எழுதினான்:
லெமன் ஒரு பக்கம்,
இடம் போதாமல் பாம் மறுபக்கம்.
மின்சார ரீடிங் எடுக்க வந்தவர்
மறுபக்கத்தை மட்டும் படித்துவிட்டு
கேட்டுக்கு வெளியிலேயே நின்று
எண்ணை நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா என்றார்.

முதல் தடவை
காப்பிக்காரி திமிரோடு கொதிக்கவிட்டேன்.
வாசனையெல்லாம் ஜன்னல் வழியாகப்
பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.
எனக்கு மிஞ்சியது
வேலிக்கீரை வெந்த தண்ணீர்.

இப்போது கை பழகிவிட்டது.
பனி உலர்ந்து, வெயில் சுடும் முன்
நுனியாய் ஒரு பிடி கிள்ளுவேன்.
கழுவி உள்ளங்கையில் வைத்து
மறுகையால் ஒரே ஓர் அறை.
கசக்கினால் பச்சை நெடி அடிக்கும்,
அறைந்தால் உண்மையைச் சொல்லிவிடும்.
டம்ளரில் போட்டு
கொதி அடங்கின தண்ணீரை ஊற்றி
மேலே ஒரு தட்டு.
பத்து நிமிஷம் திறக்கக் கூடாது.

அந்தப் பத்து நிமிஷம்தான் பொல்லாதது.
டிக்காஷன் என்றால் சொட்டுச் சொட்டாய்
இறங்குகிற சத்தமாவது துணைக்கு இருக்கும்.
இது உள்ளே என்ன செய்கிறதென்றே தெரியாது.

நாக்கில் புளிப்பில்லை.
எலுமிச்சை வந்து உட்கார்ந்து
எழுந்துபோன நாற்காலி மாதிரி,
சூடு மட்டும் மிச்சம்.
ஆனாலும் மூன்றாம் வாரம்
இரவில் என் நெஞ்சு
மற்றவர்கள் நெஞ்சைப் போலவே தூங்கியது.

தையில் பெங்களூரிலிருந்து கொள்முதல்காரர்கள் வந்தார்கள்.
நீள மேஜையில் பதினெட்டுக் கோப்பை.
பொடி அளந்து போடும் பையனுக்குக் காய்ச்சல்,
என்னைக் கூப்பிட்டார்கள்.
பதினேழாவதில் கரண்டி நழுவியது.
சிந்தினதைக் கையால் அள்ளிப் போட்டேன்,
காலையில் இலை கிள்ளிய அதே விரல்கள்.

வரிசையாக முகர்ந்துவந்தவர்
அங்கே நின்றார்.
மறுபடி குனிந்தார்.
கூட வந்தவரைக் கண்ணால் அழைத்தார்.
எலுமிச்சை, என்றார். சுத்தமான எலுமிச்சை.
வடக்குச் சரிவு சார், என்றார் மேனேஜர் எட்வின்,
ஆரஞ்சு மரங்களுக்கு நடுவில் விளைந்தது,
அந்த மண்ணே அப்படி.
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூடிற்று.

சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு
பேரேட்டைத் திறந்து எழுதினேன்:
எண் 17. எலுமிச்சை வாசம்.
எழுத்து கோணவில்லை.
நெஞ்சு ஒரே ஒரு முறை இடறியது.
அன்று நான் காப்பி தொட்டது கையால்தான்,
டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் தட்டைத் தூக்கினேன்.
அதன் அடிப்பக்கம் நன்றாக வேர்த்திருந்தது,
நான் வேர்க்க வேண்டியதையும் சேர்த்து.

அடுத்த வாரம் அதே சரிவிலிருந்து
இன்னொரு மாதிரி கேட்டிருக்கிறார்கள்.
மேனேஜர் என்னையே அளக்கச் சொல்கிறார்,
கைராசி என்கிறார்.
டப்பாவில் இப்போது
எட்டு இலைதான் இருக்கிறது.