சதுர உருளைக்கிழங்கு

நான்கு மாதமாய் நான்தான் தோல் சீவினேன்.
ஒரு கிழங்கும் உருண்டையாய் மிஞ்சவில்லை.
பக்கவாதத்துக்கு வலக்கையைக் கொடுத்துவிட்ட மாய்மு
மேசையோரம் உட்கார்ந்து
ஒன்றும் சொல்லாமல் தின்றாள்.
அதுதான் பயமாயிருந்தது.

த்ரீன் வந்தாள், தொழில்வழிச் சிகிச்சைக்காரப் பெண்,
பூட்ஸில் தார்த்து வீதிப் பனியோடு.
கையை அப்புறம்தான் பார்த்தாள்;
"இந்த வீட்டில் எது உங்கள் வேலை?" என்றாள் முதலில்.

மறுவாரம் ஒரு பலகை.
நடுவே மூன்று ஆணி, அடியில் வழுக்காத ரப்பர்.
கிழங்கைக் குத்தி நிறுத்தி
இடக்கையால் இழுத்தாள்.
முதல் தோல் அறுந்தது. இரண்டாவதும்.
மூன்றாவது
ஜன்னல் வெளிச்சம் ஊடுருவும் மெலிசில்
மேசைக்குக் கீழே தொங்கியது.

பிறகு என் வாளியை இழுத்து
காலையில் நான் சீவியதைக் கிளறினாள்.
"பாதிக் கிழங்கு குப்பையில், எண்டெல்!"

வசவு நீண்டது.
கதவோரம் நின்று
முழுவதும் கேட்டேன்.